பிறர் பிள்ளைகள்: ஹம்போல்ட் நகரத்து ஹாக்கி அணியின் வரலாறு

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. சொல்லாதவர் இல்லை; செய்து பார்த்தவர் சிலரே. இப்பழமொழியை ஒருபோதும் கேட்டிராத ஒரு சிற்றூர், 1970ஆம் ஆண்டு தொடங்கி, ஊரார் பிள்ளைகளைத் தன் வீடுகளில் ஏற்று உணவும் உறைவிடமும் தந்து வளர்த்து வருகிறது. கனடா நாட்டின் சாஸ்கச்சவான் மாநிலத்திலுள்ள அவ்வூரின் பெயர் ஹம்போல்ட். பிள்ளைகள் அங்கு வருவது பனிக்கட்டியின் மேல் ஹாக்கி ஆடுவதற்காக. 2018 ஏப்ரலில் நிகழ்ந்த ஒரு சாலை விபத்தால்தான் இவ்வூரின் பெயர் நம்மை எட்டியது. விபத்தின் செய்தி மறைந்துவிட்டது. ஆனால் அவ்வூர் எழுப்பிய சில கேள்விகள் நம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் அவ்வூரின் வரலாற்றையும் அதன் அணியின் வரலாற்றையும் சற்றே பின்னோக்கிச் சென்று காண விழைகிறோம்.

நம் நாட்டு ஹாக்கியை அறிந்தவர்க்கு இவ்விளையாட்டு முற்றிலும் புதிதன்று. புல்தரைக்கு மாறாகப் பனித்தளம். பந்துக்கு மாறாகக் கெட்டியான ரப்பர் வட்டு. காலில் கூரிய சறுக்குக் காலணி. ஒரு பக்கத்தில் இலக்குக் காவலர் உட்பட அறுவர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கும் சமவெளியில், ஆறு மாத இரவுகளில் மக்கள் ஒன்றுகூட இரண்டே இடங்கள் இருந்தன: ஒன்று கோவில், மற்றொன்று பனித்தளம்.

ஹம்போல்ட்டைப் பொறுத்தவரை கோவில்தான் முந்தியது. ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயர் அங்கிருந்த தந்தி நிலையத்திற்கு முன்னரே இடப்பட்டிருந்தது. எனினும் மக்கள் திரளாகக் குடியேறியது 1903ஆம் ஆண்டை ஒட்டித்தான். அமெரிக்காவில் வாழ்ந்த ஜெர்மானியக் கத்தோலிக்கருக்குப் புதிய நிலம் தேடி, ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் இச்சமவெளிக்கு வந்தனர். ஹம்போல்ட்டை அடுத்த மன்ஸ்டர் என்னும் சிற்றூரில் மடம் அமைத்தனர். சுற்றிலும் உருவான குடியேற்றம் புனித பேதுருவின் பெயரைப் பெற்றது. 1911இல் ஆஸ்திரிய நாட்டுக் கன்னியர் ஹம்போல்ட்டுக்கு வந்து புனித எலிசபெத்து மருத்துவமனையைத் தொடங்கினர். 1921இல் அம்மடமும் சுற்றியுள்ள பங்குகளும் சேர்ந்து, எந்த மறைமாவட்டத்திற்கும் உட்படாமல் மடத் தலைவரின் ஆட்சியிலேயே இயங்கும் தனி ஆளுகைப் பகுதியாக உயர்த்தப்பட்டன. 1998இல்தான் அது சாஸ்கட்டூன் மறைமாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. மடம் நடத்திய கத்தோலிக்க வார இதழொன்றும் அங்கிருந்து வெளிவந்தது. முதலில் ஜெர்மன் மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பல்லாண்டுகள் வந்த அவ்விதழ் 2018 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. சிற்றிதழ் நடத்துவோரும் வாசிப்போரும் இதைக் கேட்டு ஒரு கணம் பெருமூச்சு விடலாம்.

ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில், வாயிலுக்கு வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கவேண்டும் என்று பணித்திருப்பதை நாம் அறிவோம். அவ்விதிக்கும் ஹாக்கிப் பிள்ளைகளை ஏற்கும் வீடுகளுக்கும் நேர்த் தொடர்பு உண்டென நிறுவ நாம் முயலவில்லை. பிற திருச்சபையினரும் எச்சபையையும் சாராதோரும் அவ்வூரில் உண்டு. கனடாவின் எண்ணற்ற சிற்றூர்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஆயினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

ஹம்போல்ட் 1907இல் ஊராட்சித் தகுதியை விட்டுச் சிறுநகரமாயிற்று. 2000ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்றது. மாநகரம் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 5,869. நம் பக்கத்துப் பெரிய பங்குகள் சிலவற்றின் இறைமக்கள் தொகை இதனினும் மிகுதி. ஆனால் 1931இல் இவ்வூரில்தான் கிளென் ஹால் பிறந்தார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கிக் குழுமத்தில் இலக்குக் காவலராக, முகக்கவசம் இன்றி, 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்களில் நின்றவர் அவர். அதை வேறெவரும் நெருங்கியதில்லை. இத்தகைய ஒருவர் பிறந்த ஊரில் பையன்கள் எதைக் கனவு காண்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1968இல் சாஸ்கச்சவான் இளையோர் ஹாக்கிக் குழுமம் உருவாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970இல், ஹம்போல்ட் தன் அணியை அமைத்தது. பழக்கப்படாத முரட்டுக் குதிரைகளைக் குறிக்கும் பிராங்கோஸ் என்னும் பெயர் அதற்கு அமைந்தது. பச்சையும் மஞ்சளும் அதன் நிறங்கள்.

இளையோர் அணி என்பதன் பொருளை இங்கு விளக்கவேண்டும். ஆட்டக்காரர்கள் பதினாறு முதல் இருபது வயதினர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. மேல்நிலை இளையோர் குழுமங்கள் என வேறு சில உண்டு. தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் அங்கிருந்தே செல்வர். ஆனால் அவற்றில் ஆடியவரை அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் நீண்ட காலம் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தன. எனவே ஆடவும் வேண்டும், ஆட்டத்தின் வழியே படிப்புக்கான உதவித்தொகையும் பெறவேண்டும் என்று எண்ணிய பையன்கள் ஹம்போல்ட் போன்ற அணிகளை நாடினர். அவர்களுள் மிகச் சிலரே பின்னாளில் ஹாக்கியால் வாழ்ந்தனர். ஏனையோர் ஆசிரியராகவோ உழவராகவோ தீயணைப்பு வீரராகவோ ஆகும் முன், தம் இளமையின் இரண்டு மூன்று குளிர்காலங்களை அவ்வூரில் கழித்தனர்.

அணிக்குச் செல்வர் ஒருவர் உரிமையாளர் அல்லர், ஊரே உரிமையாளர். ஊர்மக்கள் தெரிந்தெடுக்கும் குழு அதை நடத்துகிறது. நுழைவுச்சீட்டு, கடைக்காரர் தரும் விளம்பரம், விருந்துகள், பரிசுச்சீட்டு ஆகியவற்றால் திரளும் பணமே அதன் வருவாய். ஆடரங்கத்திற்கு எல்கர் பீட்டர்சன் என்பவரின் பெயரை இட்டனர். அவர் புகழ்பெற்ற ஆட்டக்காரரோ பணம் கொடுத்தவரோ அல்லர். உள்ளூர் அணிகளுக்கு நெடுங்காலம் தொண்டு செய்தவர். ஓர் ஊர் எவர் பெயரைத் தன் பெரிய கட்டடத்தின் மேல் எழுதுகிறது என்பதிலிருந்து அவ்வூரைப்பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளலாம்.

பையன்கள் எங்கே தங்குவார்கள்? இதுவே இவ்வமைப்பின் உள்ளம். அவர்களுக்கென விடுதி கிடையாது. ஊரிலுள்ள குடும்பங்கள் ஒருவரையோ இருவரையோ ஏற்றுக்கொள்ளும். உணவுச் செலவுக்கெனச் சிறு தொகை கிடைக்கும். அது பதினெட்டு வயதுப் பையன் உண்ணும் உணவிற்குப் போதாது என்பதைப் பிள்ளை வளர்த்த எவரும் அறிவர். அவ்வீட்டின் குழந்தைகளோடு மேசையில் அமர்கிறான், பனி அள்ளுகிறான், பள்ளிக்கோ வேலைக்கோ செல்கிறான், காய்ச்சல் வந்தால் அவ்வீட்டுத் தாய் மருந்து தருகிறாள். நம் மறைபரப்புப் பள்ளிகளின் விடுதிகளில் தங்கிப் படித்த தலைமுறையினர், வீட்டைப் பிரிந்த முதல் இரவை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த முதல் இரவில் ஒரு தாய் வந்து போர்வையைச் சரிசெய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என எண்ணிப் பார்த்தால் இவ்வழக்கத்தின் அருமை விளங்கும்.

அணி வென்ற கோப்பைகளை நீட்டி உரைக்க நாம் விரும்பவில்லை. மாநிலக் குழுமத்தின் பட்டத்தைப் பலமுறை வென்றது. நாடு தழுவிய இளையோர் பட்டத்தை இருமுறை, 2003இல் சார்லட்டவுனிலும் 2008இல் கார்ன்வாலிலும் வென்றது. 2009இல் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊருக்கு இவை பெருமைக்குரியவை.

ஹாக்கியோடு கத்தோலிக்கக் குருக்களுக்கும் உறவு உண்டு என்பதை வாசகர் அறிய விரும்பலாம். 1964 ஒலிம்பிக் போட்டிக்கு மாணவர்களைக் கொண்டே கனடா அணியை உருவாக்கியவர் தாவீது பவர் என்னும் அருள்பணியாளர். இதே சாஸ்கச்சவானில் வில்காக்ஸ் என்ற குக்கிராமத்தில் அருள்பணி ஆத்தல் மர்ரி பள்ளி நடத்தினார். பொருளாதார வீழ்ச்சியின் நாள்களில் கட்டணம் கொடுக்க இயலாத பையன்களையும் சேர்த்துக்கொண்டு, இலத்தீனும் ஹாக்கியும் ஒருங்கே கற்பித்தவர் அவர். அவர் மறைவுக்குப்பின், 1988இல், அப்பள்ளியின் அணியும் நாடு தழுவிய பட்டத்தை வென்றது.

பிறர் பிள்ளைகளை ஏற்கும் இவ்வமைப்பின் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. அதே மாநிலத்தின் ஸ்விஃப்ட் கரன்ட் நகரிலும் பிராங்கோஸ் என்ற பெயரில் ஓர் அணி உண்டு. 1986 டிசம்பர் 30 அன்று அவ்வணியின் பேருந்து உறைபனிச் சாலையில் கவிழ்ந்து இளைஞர் நால்வர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்கள் 1989இல் நாட்டின் மேல்நிலை இளையோர் கோப்பையை வென்றபோது மக்கள் கண்ணீரோடு கொண்டாடினர். ஆனால் அவ்வணியின் பயிற்றுநர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பையன்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கி வந்தவர் என்பது பின்னர் வெளியாயிற்று. அவ்வணியில் ஆடிய ஷெல்டன் கென்னடி துணிந்து முறையிட்டதால் 1997இல் அப்பயிற்றுநர் சிறைப்பட்டார். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இடத்தில்தான் அந்நம்பிக்கையைக் கொல்வோரும் வந்து அமர்கின்றனர். திருச்சபையில் இருக்கும் நமக்கு இதைப் பிறர் வந்து சொல்லவேண்டியதில்லை.

2015இல் டார்சி ஹாகன் என்பவர் ஹம்போல்ட்டின் பயிற்றுநராக வந்தார். கிறிஸ்தவப் பற்றுடையவர். ஆட்டக்காரரை உருவாக்குவதைவிட நல்ல மனிதரை உருவாக்குவதே தம் பணி என எண்ணியவர். குடும்பத்திற்கு முதலிடம், பிறர்க்கு மதிப்பு, கிடைத்த வாய்ப்புக்கு நன்றி எனத் தம் அணியினர் கடைப்பிடிக்கவேண்டியவற்றை ஓர் உடன்படிக்கையாகவே எழுதிவைத்திருந்தார்.

2018ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் முதல் நாளில் வந்தது. அதன் எண்கிழமையின் வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 6. அரையிறுதித் தொடரில் நிப்பவின் நகர அணி மூன்று ஆட்டங்களையும் ஹம்போல்ட் ஒன்றையும் வென்றிருந்தன. ஐந்தாம் ஆட்டத்திற்காக ஹம்போல்ட் பேருந்து வடகிழக்கே நிப்பவினை நோக்கிச் சென்றது. இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கென ஒரே போலத் தலைமயிரை வெளிர்மஞ்சளாக்கிக்கொண்டிருந்தனர் பையன்கள். பேருந்தில் மொத்தம் 29 பேர்.

35ஆம் எண் நெடுஞ்சாலையை 335ஆம் எண் சாலை குறுக்கே வெட்டும் சந்திப்பு ஒன்று உண்டு. குறுக்குச் சாலையில் வருவோர் நின்று செல்லவேண்டும் என்று, விட்டுவிட்டு எரியும் விளக்குடன் பெரிய நிறுத்தப் பலகை அங்கு இருந்தது. சந்திப்பின் அருகே ஆறு சிலுவைகளும் இருந்தன. 1997இல் அதே இடத்தில் விபத்தில் இறந்த அறுவருக்காக நடப்பட்டவை. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், பாசி மண் பொதிகளை ஏற்றிய இரட்டை இழுவைச் சரக்குந்து ஒன்று அக்குறுக்குச் சாலையில் நிற்காமல் வந்து சந்திப்பிற்குள் நுழைந்தது. பேருந்து ஓட்டுநர் தடையை அழுத்தியும் பயனில்லை. பதினாறு பேர் இறந்தனர், பதின்மூவர் காயமுற்றனர். இறந்தவருள் பதின்மர் ஆட்டக்காரர்கள். ஏனைய அறுவர் பயிற்றுநர் ஹாகன், துணைப் பயிற்றுநர், உடற்பயிற்சி மருத்துவப் பணியாளரான இளம்பெண், ஆட்டப் புள்ளிகளைக் குறிக்கும் பதினெட்டு வயதுத் தொண்டர், வானொலி வருணனையாளர், பேருந்து ஓட்டுநர். சரக்குந்தை ஓட்டியவருக்குக் காயமில்லை.

ஆட்டம் காண வந்த பெற்றோர் நிப்பவினில் ஒரு கோவிலில் கூடிக் காத்திருந்தனர். பல மணி நேரம் எவர் பிள்ளை உயிருடன் உள்ளான், எவர் பிள்ளை இல்லை என்பது தெரியவில்லை. அதைவிடக் கொடியது பின்னர் நிகழ்ந்தது. உருவில் ஒத்த இரு பையன்களை, மயிர் நிறமும் ஒன்றாயிருந்ததால், அடையாளம் மாற்றிக் கண்டனர். ஒரு குடும்பம் சாஸ்கட்டூன் மருத்துவமனையில் ஒரு பையனின் படுக்கையருகே இரண்டு நாள் காத்திருந்தது. மற்றொரு குடும்பம் தன் மகன் இறந்தான் என்று அழுதது. ஏப்ரல் 9 அன்று உண்மை வெளிப்பட்டது. இறந்ததாக எண்ணப்பட்டவன் பிழைத்திருந்தான். பிழைத்ததாக எண்ணப்பட்டவன் இறந்திருந்தான். கல்லறையிலிருந்து ஒரு மகன் திரும்பிய செய்தியே இன்னொரு வீட்டில் மகன் புதைக்கப்படும் செய்தியாயிற்று. இரு குடும்பங்களும் ஒன்றையொன்று பழிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி இவ்விடத்தை விட்டு நகர்கிறோம்.

ஏப்ரல் 8, இறை இரக்க ஞாயிறு. அன்று மாலை எல்கர் பீட்டர்சன் அரங்கில் மக்கள் கூடி மன்றாடினர். நாட்டின் பிரதமரும் வந்து மக்களிடையே அமர்ந்தார். பேச வந்தவர் அணியின் ஆன்மீக வழிகாட்டியான இளம் மறைபோதகர். விபத்து நடந்த இடத்திற்கு அன்றே சென்று, காணக்கூடாதவற்றைக் கண்டு வந்தவர். சாவின் இருள்சூழ் பள்ளத்தாக்கைப் பாடும் திருப்பாடலை அவர் எடுத்துக்கொண்டார். துன்பத்திற்கு விளக்கம் தர முனையவில்லை.

துயரம் எழுப்பிய ஈகையைப்பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். கனடா முழுவதும் மக்கள் இரவில் தம் வாசலில் ஹாக்கி மட்டைகளைச் சாத்திவைத்தனர். இறந்த பையன்களுக்கு எங்கேனும் தேவைப்படலாம் என்பதுபோல. பொதுமக்கள் அனுப்பிய தொகை ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டிற்று. அதனை நீதிமன்ற மேற்பார்வையில் பகிர்ந்தபோது இறந்தோர் குடும்பத்திற்கு 5,25,000 டாலரும், பிழைத்தோர்க்கு 4,75,000 டாலரும் கிடைத்தன. வறிய பூர்வகுடிச் சிற்றூர்களின் பிள்ளைகள் சாகும்போது இப்பணமும் இக்கண்ணீரும் எங்கே போயின என்று சிலர் அப்போதே கேட்டனர். கேட்ட வேளை தவறாயிருக்கலாம், கேள்வி தவறன்று.

இருபத்தொரு வயது லோகன் பூலே, இறக்கும்போது ஆறு பேருக்குத் தன் உறுப்புகளைக் கொடுத்துச் சென்றான். சில வாரங்களுக்குமுன் தன் பிறந்தநாளை ஒட்டியே அதற்குப் பதிவு செய்திருந்தான். முந்திய ஆண்டில் இறந்த தன் பயிற்சியாளர் ஒருவர் அவ்வாறே செய்ததைக் கண்டு மனம் கொண்டது அது. அவன் செயலை அறிந்த கனடா மக்களுள் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் அடுத்த சில வாரங்களில் உறுப்புக்கொடைக்குப் பதிவு செய்தனர். ஏப்ரல் 7 அங்கு ஆண்டுதோறும் பச்சைச் சட்டை நாளாக நினைவுகூரப்படுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் தம் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் உறுப்புக்கொடையை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றியிருந்தும், நம் பங்குகளில் இதுபற்றிய பேச்சு இன்னும் குறைவே.

அணியை மூடிவிடலாமா என்ற கேள்வி எழுந்திருக்கும். ஆனால் ஊர் அவ்வாறு முடிவு செய்யவில்லை. 2018 செப்டம்பர் 12 அன்று அதே நிப்பவின் அணியை எதிர்த்து ஹம்போல்ட் தன் அரங்கில் மீண்டும் ஆடியது. பேருந்தில் இருந்து பிழைத்தவர்களுள் இருவர் அன்று களமிறங்கினர். ஹம்போல்ட் 2-1 என்று தோற்றது. தோற்றது நன்றே என நமக்குத் தோன்றுகிறது. அன்று வென்றிருந்தால் அதைத் திரைப்படக் கதைபோல் ஆக்கியிருப்பார்கள். இடுப்பின்கீழ் செயலிழந்த இலக்குக் காவலர் ஜேக்கப் வாசர்மன், துடுப்புப் படகு ஓட்டப் பழகி, 2024இல் பாரிசில் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியில் கனடாவுக்காகப் பங்கேற்றார்.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருகிறோம். சரக்குந்தை ஓட்டியவர் நம் நாட்டவர். பஞ்சாபிலிருந்து சென்று கனடாவில் குடியேறிய இளைஞர். அப்போது வயது 29. அவ்வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அத்தகைய பெரிய வண்டியை ஓட்டுவோர்க்கு அம்மாநிலத்தில் அந்நாளில் கட்டாயப் பயிற்சி கிடையாது. 121 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது 2019 மார்ச்சில். பின்னால் இருந்த பொதிகளின் மேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டதால் கவனம் அங்கே சென்றது என அவர் கூறினார். சந்திப்பை அறிவித்த பலகைகளைக் கடந்து வந்தும் எதையும் அவர் காணவில்லை.

2019 சனவரி 8 அன்று அவர் தம்மீதான 29 குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். விசாரணை நடத்தி அக்குடும்பங்களை மேலும் வருத்த விரும்பவில்லை என்றார். தண்டனைக்கு முந்திய அமர்வுகள் மெல்பர்ட் நகரில் ஒரு பெரிய கூடத்தில் நடந்தன. சாதாரண நீதிமன்றத்தில் அத்தனை துயரர்க்கு இடமில்லை. ஏறத்தாழ தொண்ணூறு வாக்குமூலங்கள் அளிக்கப்பட்டன. பயிற்றுநர் ஹாகனின் மனைவி, தாம் தகுதியின்றி மன்னிக்கப்பட்டவர் என்றும், அவ்வாறே அவரை மன்னிப்பதாகவும் அவர் முன்னிலையில் கூறினார். மகனை இழந்த தந்தை ஒருவர் அவரைக் கட்டித்தழுவினார். வேறு பெற்றோர் சிலர் மன்னிக்க இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் முகத்தை நோக்கியே சொன்னார்கள். மார்ச் 22 அன்று நீதிபதி எட்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். பயிற்சி பெறாத ஒருவரை அவ்வண்டியில் அனுப்பிய நிறுவனத்தின் உரிமையாளர் விதிமீறல்களை ஒப்புக்கொண்டு செலுத்திய அபராதம் 5,000 டாலர். இவ்விரு தண்டனைகளையும் தராசில் வைத்துப் பார்ப்பவர் மனம் அமைதி கொள்ளுமா என்பது ஐயமே.

ஒன்றை நாம் கவனிக்கிறோம். மன்னித்தவர்களும் மன்னிக்காதவர்களும் ஒரே ஊரின் அரங்கில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். ஹம்போல்ட் நகரம் என்ற பெயரில் எவரும் மன்னிப்பு வழங்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஊருக்கு அந்த உரிமை இல்லை என்பதை அவ்வூர் அறிந்திருந்தது. மறையுரைகளில் மன்னிப்பை எளிதாகப் பேசிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. மகனின் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்திருக்கும் ஒரு தாயிடம் அதை எவ்வாறு பேசுவது? மன்னிக்காத தாயை ஆண்டவர் தம் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. மன்னித்த பெண்ணின் சொல்லை, அழகான சொல் என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அவர் அதற்குக் கொடுத்த விலையை நாம் கொடுத்ததில்லை.

ஓட்டுநர் 2022இல் பகல்நேரப் பரோலும் 2023இல் முழுப் பரோலும் பெற்றார். கனடாவின் குடியுரிமை பெறாதவர் கடுங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டால் நாடுகடத்தப்படலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அதன்படி 2024 மே மாதத்தில் அவரை இந்தியாவுக்கு அனுப்பும் ஆணை பிறந்தது. மனிதநேய அடிப்படையில் தங்க அனுமதிக்குமாறு அவர் தரப்பில் விண்ணப்பிக்கப்பட்டது. இறந்த பையன்களின் பெற்றோருள் ஒருசாரார், அவர் செல்வதே முறை என்றனர். மற்றொரு சாரார், அவர் இருக்கட்டும், இன்னொரு குடும்பம் சிதைவதால் தம் மகன் திரும்பப்போவதில்லை என்றனர்.

சந்திப்பின் அருகே வளர்ந்து பார்வையை மறைத்த மரங்கள் பின்னர் அகற்றப்பட்டன. சக்கரங்களை அதிரவைக்கும் வரிகள் சாலையில் பதிக்கப்பட்டன. பச்சை மஞ்சள் நிறத்துச் சிலுவைகளும் மட்டைகளும் அங்கு வைக்கப்பட்டன. கோடை முடிந்து ஆட்டக்காலம் தொடங்கும்போது, ஹம்போல்ட்டில் சில வீடுகள் வேற்றூர்ப் பையன்களுக்கு அறையொன்றை ஒழித்துக் கொடுக்கின்றன. நிப்பவினில் ஆட்டம் உள்ள நாளில் அப்பையன்கள் அதே சாலையில் பேருந்தில் செல்கின்றனர். வீட்டார் வாசல் விளக்கை அணைக்காமல், அது திரும்பும்வரை விழித்திருக்கின்றனர்.